வைத்தியம் இலவசம், காகிதம்தான் சிக்கல்: தமிழ்நாட்டுப் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

பிரசவம், கர்ப்பப்பைக் கட்டி, மார்பகப் புற்றுநோய் என்று எதற்கும் தமிழ்நாட்டில் காசில்லாமல் வைத்தியம் பார்க்க வழி இருக்கிறது. இருந்தும் தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போகிறது. மருந்தோ டாக்டரோ இல்லாததால் அப்படி ஆவது குறைவு. பெரும்பாலும் காரணம் சின்னதாக இருக்கும்: ரேஷன் அட்டையில் பெயர் இல்லை, பாஸ்புக்கில் இனிஷியல் வேறு, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க முடியவில்லை, பதிய வேண்டிய வாரம் தாண்டிவிட்டது. நோய் வந்த பிறகு இதையெல்லாம் சரி செய்ய நேரம் இருக்காது. உடம்பு நன்றாக இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலைகளை முதலில் சொல்கிறோம்.

முதல் வேலை: நாலு இடத்திலும் ஒரே பெயர்

ஆதார், ரேஷன் அட்டை, வங்கி பாஸ்புக், வருமானச் சான்று. இந்த நான்கையும் மேசைமேல் வரிசையாக வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஆதாரில் 'செல்வி எம்', பாஸ்புக்கில் 'எம். செல்வி முருகன்', ரேஷன் அட்டையில் 'செல்வி க/பெ முருகன்' என்று இருக்கும். பார்க்கிறவருக்கு ஒரே ஆள்தான். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். கல்யாணத்துக்குப் பிறகு அப்பா பெயரின் முதலெழுத்து போய்க் கணவர் பெயரின் முதலெழுத்து வருவதால், இந்தக் குழப்பம் ஆண்களைவிடப் பெண்களைத்தான் அதிகம் பிடிக்கிறது.

எங்கள் யோசனை: ஆதாரைத் தொடாதீர்கள். கல்யாணமானால் இனிஷியலை மாற்றியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். அதை அப்படியே வைத்துக்கொண்டு வங்கியையும் ரேஷன் அட்டையையும் ஆதாரில் உள்ளபடி திருத்துங்கள். ஆதார் முகவரியை மட்டும் இப்போது இருக்கும் வீட்டுக்கு மாற்றிக்கொண்டால் போதும்.

ரேஷன் அட்டைதான் அஸ்திவாரம். காப்பீட்டு அட்டை அதை வைத்துத்தான் வரும். புது மருமகள் விஷயத்தில் ஒரு தொங்கல் உண்டு. அப்பா வீட்டு அட்டையிலிருந்து பெயரை நீக்கி, நீக்கல் சான்று வாங்கி, புகுந்த வீட்டு அட்டையில் சேர்க்க வேண்டும். 'பிறகு பார்க்கலாம்' என்று விட்டுவிட்டு முதல் கர்ப்பம் வந்ததும் ஓடுகிறவர்கள்தான் அதிகம். கல்யாணமான மாதமே இ-சேவை மையத்தில் முடித்துவிடுங்கள்.

கணவர் விட்டுப்போன பெண்களுக்குச் சிக்கல் இன்னும் கூடுதல். பெயர் அவருடைய அட்டையில் இருக்கும், அட்டை அவர் கையில் இருக்கும். விவாகரத்துத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். தனியாக வசிக்கிறார், தனியாகச் சமைக்கிறார் என்பது வட்ட வழங்கல் அலுவலரின் நேரடி விசாரணையில் தெரிந்தால், பழைய அட்டையிலிருந்து பெயரை நீக்கிப் புது அட்டை தரலாம். மனுவோடு ஆதார், இருப்பிடச் சான்று, இ-சேவையில் விண்ணப்பித்து வாங்கும் 'கணவரால் கைவிடப்பட்டவர்' சான்று மூன்றையும் வையுங்கள். விசாரணைக்கு வரும்போது அடுப்பையும் பாத்திரத்தையும் பார்ப்பார்கள். அம்மா வீட்டிலேயே இருந்தாலும் சமையல் தனி என்று காட்ட முடிய வேண்டும்.

வங்கிக் கணக்கு பெண்ணின் பெயரில் தனியாக இருக்கட்டும். ஒன்றுக்கு மேல் கணக்கு இருந்தால், ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அதற்குத்தான் அரசுப் பணம் போகும். 'பணம் வரவில்லை' என்று புகார் சொல்லும் பலருடைய பணம், காலேஜ் படிக்கும்போது தொடங்கி மறந்துபோன கணக்கில் கிடக்கும். ஆதார் இணையதளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்ற இடத்தில் பார்த்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும். கைப்பேசி எண்ணும் அப்படித்தான். ஓ.டி.பி. திருப்பூரில் ஷிப்டில் இருக்கும் கணவர் போனுக்குப் போனால், கவுன்ட்டரில் நிற்கும் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் எண்ணையே கொடுங்கள்.

காப்பீட்டு அட்டை

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் இந்தப் பெயரில் மறுபடி வந்து, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தோடு சேர்ந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு உரியது.

முதலில், அட்டை ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். ரேஷன் அட்டை எண்ணைக் கொடுத்தால் திட்டத்தின் இணையதளத்திலேயே தெரிந்துவிடும். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம். பழைய காலத்தில் மாமனார் பெயரில் எடுத்து, பீரோவில் புடவைக்கடியில் கிடக்கும் அட்டைகள் ஏராளம். அட்டை இருந்தும் பெயர் இல்லையென்றால் சேர்த்தால் போதும், புதிதாக எடுக்க வேண்டியதில்லை.

இல்லாவிட்டால்: வருமானச் சான்று வாங்குங்கள். அதோடு ரேஷன் அட்டை, குடும்பத்தார் எல்லாருடைய ஆதார், இவற்றின் அசலும் நகலும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போங்கள். யார் யார் நேரில் வர வேண்டும் என்பதை முந்தின நாளே அந்தக் கட்டணமில்லா எண்ணில் கேட்டுவிடுங்கள். பாட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பும் செலவு மிச்சம். அட்டைக்குக் கட்டணம் கிடையாது. 'நான் எடுத்துத் தர்றேன்' என்று வாசலில் 500 ரூபாய் கேட்கிறவரைத் தாண்டிப் போங்கள்.

அட்டை கையில் இருந்தும் காசு கட்டும் நிலை எப்படி வருகிறது? மூன்று வழியில்.

முதலாவது, அட்டையைக் கடைசியில் காட்டுவது. இது ரொக்கமில்லாத் திட்டம். கட்டிய பிறகு பில்லை நீட்டினால் பணம் திரும்ப வராது. 'முதல்ல அட்வான்ஸ் கட்டி அட்மிட் ஆகுங்க, அப்புறம் காப்பீட்டுல மாத்திக்கலாம்' என்று சொன்னால் அங்கேயே நிறுத்திக் காப்பீட்டு மேசையைக் கேளுங்கள். திட்டத்தில் உள்ள ஒவ்வொரு மருத்துவமனையிலும் அதற்கென்று ஓர் ஆள் இருப்பார். அறுவை சிகிச்சை என்றால் முன் அனுமதி வேண்டும். அதற்கு டாக்டர் கடிதம், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எல்லாம் கேட்பார்கள். ஸ்கேன் ஃபிலிமைச் சுருட்டி வைக்காமல் கவரிலேயே வைத்திருந்தால் மறுபடி எடுக்கும் செலவு இல்லை.

இரண்டாவது, மருத்துவமனை பட்டியலில் இருக்கும், ஆனால் உங்கள் நோய்க்கு இருக்காது. எலும்பு சிகிச்சைக்கு அனுமதி பெற்ற இடத்தில் கர்ப்பப்பைக் கட்டிக்கு அட்டை செல்லாது. சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைக்கென்றே ஒதுக்கப்பட்டவை. அவற்றைத் தனியாரில் காப்பீட்டில் செய்ய முடியாது. அதனால் 'காப்பீடு எடுப்பீங்களா' என்று கேட்டால் போதாது. 'இந்த ஆபரேஷனுக்கு இங்கே காப்பீடு உண்டா, ஸ்கேனும் மருந்தும் அதில் அடக்கமா, தனியா நான் என்ன கட்டணும்' என்று கேளுங்கள். பதிலைச் சீட்டில் எழுதி வாங்கினால் இன்னும் நல்லது.

மூன்றாவது, அனுமதி கிடைத்த சிகிச்சைக்கே 'டிஃபரன்ஸ் அமவுண்ட்' என்று தனியாகக் கேட்பது. இதற்கு ரசீது கேட்டாலே பல இடங்களில் பேச்சு மாறிவிடும். மாறாவிட்டால் கட்டணமில்லா எண்ணில் புகார் பதிந்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அதையும் கேட்காவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள்.

கர்ப்பம் என்று தெரிந்த வாரம்

எந்த டாக்டரிடம் பார்த்தாலும் சரி, தெரிந்த உடனே உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம், நகரமென்றால் நகர்ப்புற சுகாதார செவிலியரிடம், பதிவு செய்யுங்கள். 102 எண்ணிலும் முன்பதிவு செய்யலாம். பதிந்ததும் 12 இலக்க ஆர்.சி.ஹெச். எண் வரும். 'பிக்மி நம்பர்' என்று ஊரில் சொல்வது இதைத்தான். 2017 அக்டோபரிலிருந்து பிறப்புச் சான்றுக்கே இந்த எண்ணைக் கேட்கிறார்கள். தனியாரில் பிரசவம் பார்ப்பவர்களும் இதைத் தவிர்க்க முடியாது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய். அதில் 14,000 பணமாகவும், மீதி தலா 2,000 ரூபாய் மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வரும். கர்ப்பத்தின் 4ஆம் மாதத்தில் 6,000, குழந்தைக்கு 4 மாதம் ஆகும்போது 6,000, குழந்தைக்கு 9 மாதம் ஆகும்போது 2,000. கடைசி இரண்டு தவணைகளும் தடுப்பூசியோடு கட்டப்பட்டவை. ஊசி போட்டும் பதிவேட்டில் ஏறாவிட்டால் பணம் நிற்கும். போட்ட அன்றே அட்டையிலும் கம்ப்யூட்டரிலும் ஏற்றச் சொல்லுங்கள்.

இந்தத் தொகைக்கு நிபந்தனை: வயது 19 நிரம்பியிருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவம், அரசு மருத்துவமனையில் பிரசவம், 12 வாரத்துக்குள் பதிவு. பல பேர் தவறவிடுவது இந்தக் கடைசி நிபந்தனையைத்தான். 'மூணு மாசம் ஆகட்டும், அதுக்கு முன்னாடி யார்கிட்டயும் சொல்லக்கூடாது' என்ற வீட்டுப் பெரியவர்களின் பேச்சு ஒரு பக்கம். முதல் ஐந்து மாதம் தனியார் டாக்டரிடம் பார்த்துவிட்டுச் செலவு தாங்காமல் அரசுக்கு மாறுவது இன்னொரு பக்கம். ஊருக்குச் சொல்ல வேண்டாம், செவிலியரிடம் மட்டும் சொல்லுங்கள். கடைசி மாதவிலக்குத் தேதியைச் சரியாகச் சொல்ல வேண்டும். எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான். தாய் வீட்டுக்குப் போகும்போது எண் மாறாது. போகும் ஊர்ச் செவிலியரிடம் அதே எண்ணைக் காட்டினால் போதும். அங்கே புதிதாகப் பதிந்தால் ஒரே ஆளுக்கு இரண்டு எண் ஆகிப் பணம் சிக்கிக்கொள்ளும்.

அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், பரிசோதனை, சாப்பாடு, வீட்டில் கொண்டுபோய் விடும் வண்டி எல்லாமே இலவசம். 2011 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ள ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் இது. வலி வந்தால் 108. பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம். 'ஆணா பெண்ணா' என்று சொல்லவே காசு கேட்கும் பழக்கம் இன்னும் சில வார்டுகளில் இருக்கிறது. வெட்கப்பட்டோ பயந்தோ கொடுக்காதீர்கள். வார்டும் நேரமும் குறித்துக்கொண்டு ஆர்.எம்.ஓ.விடம் (நிலைய மருத்துவ அலுவலர்) சொல்லுங்கள், அல்லது 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணில் பதியுங்கள்.

தனியார் பக்கம் போவதென்றால் ஓர் எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன், அரசில் 36.0 சதவீதம். 'நார்மல் பேக்கேஜ்' விலையை மட்டும் கேட்டுவிட்டு வருவது தப்புக்கணக்கு. சிசேரியன் விலையையும் குழந்தையை இன்குபேட்டரில் வைத்தால் நாளொன்றுக்கு எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை

அதே கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுத் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாத்திரை இலவசம், ஆனால் பல பேர் வீட்டில் அது டப்பாவிலேயே இருக்கிறது. குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று நிறுத்திவிடுகிறார்கள். கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயமில்லை. குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். காபி, டீ, பாலோடு போட்டால் சத்து உடம்பில் சேராது. கால்சியம் மாத்திரையோடும் கூடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட எடுத்தால் நன்றாகச் சேரும். கர்ப்பத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு 180 நாள். மாத்திரை போட்டும் ரத்த அளவு ஏறாவிட்டால் ஊசி வழியாக இரும்புச்சத்து ஏற்றுவதும் அரசில் உண்டு.

30 தாண்டியவர்களுக்கு

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பைவாய், மார்பகப் பரிசோதனை 30 வயதிலிருந்து இலவசம். கர்ப்பப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சால் தடவி ஒரு நிமிடம் விட்டுப் பார்ப்பார்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் மேல் பரிசோதனைக்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அறுப்பது, தைப்பது எதுவும் இல்லை. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடத்தில் முடியும். மாதவிலக்கு நாட்களில் போக வேண்டாம். வெள்ளைத் திட்டு என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. ஆனால் அனுப்பிய இடத்துக்குப் போகாமல் வீட்டில் இருந்துவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு. வலி இல்லை, ரத்தப்போக்கு இல்லை, எதற்கு ஒரு நாள் கூலி என்று தோன்றும். திட்டோடு நிற்கும்போது சிகிச்சை சில நிமிட வேலை. வலியும் ரத்தப்போக்கும் வந்த பிறகு அது மாதக்கணக்கில் கதிர்வீச்சு. அப்படி வந்துவிட்டாலும் காப்பீட்டு அட்டைக்கு வேலை உண்டு. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனையும், முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மையமும் இருக்கின்றன.

கருக்கலைப்பு

இதில் பெண்கள் காசு இழப்பது பெரும்பாலும் சட்டம் தெரியாததால்தான். பதினெட்டு வயது நிரம்பியிருந்தால் அந்தப் பெண்ணுடைய கையெழுத்து மட்டும் போதும். கணவர், மாமியார், பெற்றோர் யாருடைய கையெழுத்தையும் சட்டம் கேட்கவில்லை. 20 வாரம் வரை ஒரு டாக்டர் ஒப்புதல். 20 முதல் 24 வாரம் வரை குறிப்பிட்ட சில பிரிவினருக்கு இரண்டு டாக்டர் ஒப்புதல். இது 2021 திருத்தம். கல்யாணமாகாதவர்களுக்கும் இந்த உரிமை உண்டு என்று 2022 செப்டம்பர் 29இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 'கருத்தடை ஆபரேஷனும் செய்தால்தான்', 'காப்பர்-டி போட்டால்தான்' என்ற நிபந்தனைக்கும் சட்டத்தில் இடமில்லை. டாக்டர் பார்க்காமல் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு, பாதி கலைந்து, ரத்தம் நிற்காமல் வருகிறவர்களுக்குத்தான் கடைசியில் செலவு அதிகம். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பெரிய பேட் முழுக்க நனைந்து, அதுவே அடுத்த மணி நேரமும் தொடர்ந்தால் வீட்டில் இருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் உடனே, காசு வாங்காமல் முதலுதவியும் சிகிச்சையும் தர வேண்டும். எஃப்.ஐ.ஆர். கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்புவது குற்றம். துணைக்கு 181 என்ற பெண்கள் உதவி எண்.

கூலி போகாமல் வைத்தியம்

மில்லிலோ பனியன் கம்பெனியிலோ ஜவுளிக்கடையிலோ மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளத்தில் வேலை பார்த்தால் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கும். உங்கள் பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25. மருந்து மட்டும் தரும் திட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் முழுச் சம்பளம் உண்டு. அதற்கு முந்தைய ஒன்று அல்லது இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஆறு மாதம் ஒரு காலம்) 70 நாள் பங்களிப்பு இருக்க வேண்டும். நோயால் வேலைக்குப் போக முடியாவிட்டால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். இதற்கு ஒரு பங்களிப்புக் காலத்தில் 78 நாள் வேண்டும்.

சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கும், இ.எஸ்.ஐ. கணக்கில் ஏறியிருக்காது. கான்ட்ராக்டர் மூலம் வேலை பார்ப்பவர்களுக்கு இது சகஜம். மத்திய அரசின் உமங் செயலியில் உங்கள் 10 இலக்கக் காப்பீட்டு எண்ணைப் போட்டு ஒவ்வொரு ஏப்ரலிலும் அக்டோபரிலும் பாருங்கள். பங்களிப்புக் காலம் முடிவது மார்ச்சிலும் செப்டம்பரிலும்தான். ஏறாத மாதத்தின் சம்பளச் சீட்டைக் கிழிக்காமல் வைத்திருங்கள், கிளை அலுவலகத்தில் அதுதான் ஆதாரம்.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்கள் ஒரு நாள் கூலியை மிச்சம் பிடிக்கச் செய்யக்கூடியது இது: நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் மாலைநேரப் பாலிகிளினிக் நடக்கிறது. மகப்பேறு டாக்டர் எந்தக் கிழமை வருகிறார் என்று 104இல் கேட்டுவிட்டு, வேலை முடிந்து போகலாம். ஜி.எச். போவதென்றால் காலை ஏழரைக்கே ஓ.பி. சீட்டு வரிசையில் நில்லுங்கள். பத்து மணிக்குப் போனால் டாக்டரைப் பார்த்துவிடலாம், ஆனால் ரத்தம் எடுக்கும் இடம் மூடியிருக்கும், அதற்கு இன்னொரு நாள் கூலி போகும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை. பழைய சீட்டு, ரிப்போர்ட், போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையின் அட்டை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். வெளியே எழுதிக் கொடுத்த மருந்தை வாங்கும் முன், 'உள்ளே இல்லையா' என்று மருந்தகத்தில் ஒருமுறை கேளுங்கள். இல்லையென்றால் கம்பெனிப் பெயரில் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரில் எழுதித் தரச் சொல்லி, மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ வாங்குங்கள். மக்கள் மருந்தகத்தில் 'சுவிதா' நாப்கின் ஒன்று ஒரு ரூபாய். அது அலமாரியில் கண்ணில் படாது, கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.